நாற்பதாவது சொல்

நாற்பதாவது சொல்லுக்கு மட்டும் ரெங்கம்மாள் அட்டையைத் தொடவில்லை.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கோடங்கரை சமுதாயக் கூடத்தின் சிமெண்ட் தரையில் இரண்டு அட்டைகள் கிடந்தன. ஒன்றில் விளிம்பெல்லாம் வழுவழுவென்று உருண்ட ஒரு படம். இன்னொன்றில் நாலாபக்கமும் கூர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு படம். எல்சி ஒரு சிறிய ஸ்பீக்கரில் சொல்லை ஓடவிடுவாள். பிறகு நாலு நொடி அமைதி. அந்தப் பெயர் எந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று அதற்குள் தொட்டுக் காட்ட வேண்டும். சொற்கள் எதற்கும் அர்த்தம் கிடையாது. தமிழ் நாக்கில் எளிதாகப் புரளும், ஆனால் தமிழில் இல்லாத நாற்பது சொற்கள். எல்சியே தன் குரலில் பதிவு செய்தவை. ஓசைக்கும் அர்த்தத்துக்கும் நடுவில் ஏதாவது ஒட்டு இருக்கிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

"இது இட்லி, இது நெருஞ்சி முள்ளு" என்று அட்டைகளைப் பார்த்ததுமே ரெங்கம்மாள் சொல்லிவிட்டாள். குறுவை நடவு முடிந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு வெளுத்துக் காய்ந்திருந்தது. "இதுக்கெல்லாமா காலேஜுல பட்டம் குடுக்கறாங்க, டீச்சரம்மா?"

"குடுப்பாங்கக்கா. அஞ்சு வருஷம் ஆகும்."

"அஞ்சு வருசந்தானா? எம் புருசனுக்கு இட்லி எது முள்ளு எதுன்னு தெரியறதுக்கு இருவது வருசம் ஆச்சு."

சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். எல்சியும் சிரித்தாள். ஐந்து வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

'வமோலு' வந்தபோது ரெங்கம்மாள் இட்லியைத் தொட்டாள். 'கிடேபு' வந்தபோது முள்ளைத் தொட்டாள். மெல்லிய ஓசைகள் உருண்டைக்கும் வல்லோசைகள் கூருக்குமாக, புத்தகத்தில் இருந்தபடியே அவள் கை இங்கும் அங்கும் போய் வந்தது. முப்பத்தொன்பது சொற்கள். கடைசியாக, ஸ்பீக்கரிலிருந்து எல்சியின் குரல் சொன்னது.

நொலுமி.

ரெங்கம்மாளின் கை பாதியில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பிப் போனது. வெளியே வாய்க்காலில் புதுத்தண்ணீர் மதகில் மோதிச் சுழலும் சத்தம், அதுவரை கேட்காதது, அந்த நாலு நொடியில் அறைக்குள் வந்து நிறைந்தது.

"அட்டையைக் காட்டுங்கக்கா. எதுன்னாலும் பரவாயில்ல. தப்பு சரி கெடையாது."

"அட்டையில இல்ல, தாயி." ரெங்கம்மாள் இரண்டு கைகளையும் எதிரெதிராக நிறுத்தி ஒரு அளவு காட்டினாள். "இவ்வளவு இருக்கும்." பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அந்தா, மதகுகிட்ட கெடக்கு."

எது என்று யாரும் கேட்கவில்லை. எட்டுப் பெண்களும் மதகின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தலைமுண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அறிவியல் படித்தவள் எல்லாவற்றையும் அளப்பாள். எல்சி டேப்பை எடுத்து அந்த இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்தாள். முப்பத்தாறு சென்டிமீட்டர். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அப்போதும் அவளுக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, ஒளித்து வைத்ததை யாரோ பார்த்துவிட்டது போல.

ஏனென்றால் அந்த ஒரு சொல் கணினி தந்தது இல்லை.

கணினி முப்பத்தொன்பது சொற்களைத்தான் தந்தது. கடைசி ஒன்று எப்படியோ ஏற்கனவே தமிழில் இருக்கும் சொல்லாகவே வந்துகொண்டிருந்தது. பேராசிரியருக்குப் பட்டியலை அனுப்ப வேண்டிய நாள். அவள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து எட்டாவது நாள். மடிக்கணினியில் நாற்பதாவது கட்டம் வெறுமையாக இருந்தது. விரல்கள் தாமாகவே அதை அடித்தன. யாரிடமும் எங்கும் அவள் சொல்லாத சொல். ஐந்து மாதம், ஸ்கூட்டர் ஓட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும் வயிற்றைத் தடவிக்கொண்டு உதடு அசையாமல் சொன்ன சொல். அது பெயர் இல்லை. பெயர் கோயிலில், ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது, சாமியார் வாயால் வர வேண்டியது. இது சும்மா ஒரு ஓசை. அர்த்தமில்லாத சொல்தானே வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இதற்கு இப்போது அர்த்தம் இல்லையே.

ஜூன் முதல் வாரம் அது. ஐந்தரை மாதம். செவிலி ஒரு துணியில் சுற்றி ரெமிஜியஸின் கையில் கொடுத்தாள். எல்சி மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்தபோது கணவனின் கை காலியாக இருந்தது, நகக்கண்ணில் மண் இருந்தது. எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவும் இல்லை. பால் நிற்பதற்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்று நாள் நெஞ்சு கல்லாகக் கட்டிக் கொதித்தது. பிறகு அதுவும் நின்றது.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி அவர்களுடைய வாடகை வீடு. கூடத்து உத்தரத்தில், தூளி கட்டுவதற்கு, ஒரு இரும்புக் கொக்கி. ஸ்கேனில் நெஞ்சுத் துடிப்பு கேட்ட அன்று ரெமிஜியஸ் மாட்டியது. மோட்டாருக்குத் தாமிரக் கம்பியில் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருப்பவன். நூறு கிலோ தாங்கும் என்று அதில் தொங்கிக் காட்டிச் சிரித்தான். இப்போது இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்காமல் அந்தக் கூடத்தில் நடக்கப் பழகியிருந்தார்கள். வீட்டில் இருக்க முடியாமல்தான் எல்சி ஊர் ஊராகப் போனாள்.

ஜூலை முடிவதற்குள் நான்கு ஊர்கள் முடிந்தன. எங்கும் அதே கதை. முப்பத்தொன்பது சொற்களுக்கு ஆளாளுக்குக் கை இங்கும் அங்கும் போகும். நாற்பதாவதற்கு யாரும் அட்டையைத் தொட மாட்டார்கள். கைகளை விரித்து அளவு காட்டுவார்கள். முகத்தைத் திருப்பி ஒரு திசை காட்டுவார்கள். ஒரு ஊர்க்காரர் இன்னொரு ஊர்க்காரரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

ஆகஸ்டில் முத்துப்பேட்டை போகும் சாலையில் ஒரு ஊர். வலை பின்னிக்கொண்டே பதில் சொன்னாள் ரஹ்மத் பீவி. அவளுக்கு எல்சியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். பேச்சில் நிறுத்தமே இல்லாதவள்.

"ஒங்க வாத்தியாரு சும்மா இருக்க முடியாம இப்படிக் கெளப்பி விட்டாரா? நல்லா இருக்குப்பா வேல. எனக்கும் ஒரு ஸ்பீக்கரு வாங்கிக் குடுங்க, நானும் ஊரு சுத்துறேன்."

நாற்பதாவது சொல் வந்தபோது அவள் பேச்சு நின்றது. வலையைக் கீழே வைத்தாள். கைகள் தாமாக விரிந்தன. டேப் நாற்பத்துநாலு காட்டியது.

"எங்க இருக்கு?" என்று கேட்டாள் எல்சி. கேள்வித்தாளில் இல்லாத கேள்வி அது.

ரஹ்மத் பீவி வாசலில் நின்ற ஸ்கூட்டரைப் பார்த்தாள். இருக்கையை இல்லை, அதற்கு முன்னால் கால் வைக்கும் இடத்தை. "வண்டியிலதான் வந்திருக்கு" என்றாள். பிறகு, மெதுவாக: "பாவம். நனஞ்சு போயிருக்கே, ஒரு துணி போட்டு மூடக் கூடாதா?"

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எல்சி கால்களை ஒடுக்கி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினாள். அங்கே எதுவும் இல்லை. வெயில் கொளுத்தியது. ஆனால் வீட்டு வாசலில் இறங்கியபோது கால் வைக்கும் இடத்தில் வாய்க்கால் களிமண் ஒரு பிடி, ஈரம் காயாமல், கறுப்பாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் அவள் எண்களை எல்லாம் வரைபடமாகப் போட்டாள். ஒரு அச்சில் தேதி, இன்னொன்றில் சென்டிமீட்டர். கோடு ஆடாமல் அசையாமல் ஏறியது. கர்ப்பிணிகளுக்கு மருத்துவமனையில் கொடுத்த சிறிய புத்தகம் இன்னும் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. எடுத்தாள். வாரத்துக்கு வாரம் சிசுவின் நீளம் போட்ட பக்கம். இருபத்தேழாவது வாரம், முப்பத்தாறு. முப்பத்துநாலாவது வாரம், நாற்பத்தைந்து. அவள் ஜூன் மாதத்தோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். வேறு யாரோ நிறுத்தவில்லை.

அந்த வாரம்தான் சொற்கள் போக ஆரம்பித்தன.

ரெமிஜியஸ் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே, "பசிக்குது, எல்சி" என்றான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாயிலிருந்து வந்த ஓசை கேட்டது. முதலில் உதடுகள் மூடித் திறந்தன, பிறகு பல்லிடுக்கில் காற்று. ஓசை முழுசாகக் கேட்டது. உள்ளே எதுவும் இல்லை.

"என்னது?"

"பசிக்குதுன்னேன்."

"அப்டின்னா?"

அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். அவள் எழுந்து போய்ச் சோறு போட்டது, அவன் வயிற்றைத் தொட்டுக் காட்டிய பிறகுதான்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் கொஞ்ச நேரம் அர்த்தம் கழன்றுபோய்த் திரும்ப வரும். அது அவளுக்குத் தெரியும், அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறாள். இது திரும்ப வரவில்லை. அடுத்தது குளிர். அதற்கடுத்தது தூக்கம். ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், பல் விழுவது போல. அக்டோபரில் ரெமிஜியஸ், "அம்மா போன் பண்ணாங்க, நீ எப்படி இருக்கேன்னு கேட்டாங்க" என்று சொன்னபோது, "யாரு பண்ணாங்க?" என்று கேட்டாள். அவன் மூன்று முறை சொன்னான். மூன்று முறையும் அது வெறும் ஓசை.

அன்று அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். வரைபடத்தைக் காட்டினாள். அந்தச் சொல்லை மட்டும் சொல்லாமல், எழுதிக் காட்டினாள். அவன் கூடத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தாமிரக் கம்பி கிழித்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். நாலு மாதத்துக்குப் பிறகு.

"எல்சி, வேணாம்."

"எங்கன்னு சொல்லுங்க."

"கோடங்கரையில ஒரு பம்பு செட்டு வேல பாத்திருந்தேன். அந்த ஊர்தான் அன்னைக்கு ஞாபகம் வந்துச்சு. வாய்க்கா தூர் வாரி மண்ணக் கரையில கொட்டியிருந்தாங்க. எல்லா எடமும் பாறையாட்டம் காஞ்சு கெடந்துச்சு எல்சி, அங்க மட்டுந்தான் மண்ணு பொதபொதன்னு இருந்துச்சு. கையாலயே தோண்ட முடிஞ்சுது." அவன் குரல் உடைந்தது. "மேட்டூரு தெறந்தா ரெண்டு வாரத்துல தண்ணி வரும்னு தெரியாதா எனக்கு? தண்ணியோடதான் என் பொழப்பு. ஆனா அன்னைக்கு அது புத்தியில வரல. தண்ணி வந்தப்பறம் போயிப் பாத்தேன். மதகுகிட்ட கரையே இல்ல. அரிச்சிட்டுப் போயிருச்சு."

"சாமியாரக் கேட்டிருக்கலாம்ல? கல்லறையில ஒரு ஓரமா..."

"பேரு கேப்பாங்களேன்னு நெனச்சேன். பேரு எழுதணுமே. நாம வைக்கலியே."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கொக்கி அதற்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"அந்த வார்த்தைய இனி யார்கிட்டயும் சொல்லாத" என்றான் அவன். "படிப்பு போனா போவுது. எனக்கு நீ வேணும்."

"எனக்கு?" என்றாள் அவள்.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. முதலில் சோதித்தவர்களையே நாலு மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். பதில் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேராசிரியர் மின்னஞ்சலில் நினைவூட்டியிருந்தார். அதுதான் காரணம் என்று எல்சி ரெமிஜியஸிடம் சொன்னாள். அது காரணம் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நவம்பர். கோடங்கரை. காலை பத்து மணி. நாலு நாளாகப் பெய்து ஒரு மணி நேரம் ஓய்ந்திருந்த மழை. சம்பா வயல்களில் பயிர் தெரியாமல் தண்ணீர் நின்றது, வரப்புகள் மட்டும் கறுப்புக் கோடுகளாக. தவளைகள் கத்தவில்லை. அழுகிய வைக்கோல் வாசனை, மண்ணெண்ணெய் வாசனை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று, இளஞ்சூடாக, புளித்த பால் போல. அது தன் ரவிக்கையிலிருந்துதான் வருகிறது என்று வண்டியை நிறுத்தும்போதுதான் எல்சிக்குத் தெரிந்தது. ஈரமாக இருந்தது. இரண்டு பக்கமும்.

ரெங்கம்மாள் சமுதாயக் கூடத்துக்கு வரவில்லை. தன் வீட்டு வாசலில், படலைத் திறக்காமல், நின்றாள். சிரிக்கவில்லை.

"உள்ள வராத, தாயி."

"அஞ்சு நிமிஷம்தாங்கக்கா. அதே அட்டைங்கதான்."

"அது எதுக்கு? எங்க ஊரு புள்ளைங்க அத்தனையும் ஒன் வார்த்தையத்தான் சொல்லிட்டுத் திரியுது. யாரும் சொல்லிக் குடுக்கல. வெளையாடறப்ப சொல்லுது, தூக்கத்துல சொல்லுது. எம் பேத்தி நேத்து கஞ்சி வேணும்னு கேக்கல. கிடேபுங்கறா. கிடேபு, கிடேபுன்னு அழுவறா." ரெங்கம்மாளின் பார்வை எல்சியின் முகத்திலேயே இல்லை. இடது தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் ஓரிடத்தில் நின்றது. அங்கே எல்சியின் கை மடங்கியிருந்தது. எப்போதிலிருந்து அப்படி மடக்கி வைத்திருக்கிறாள் என்று எல்சிக்குத் தெரியவில்லை. கை வலித்தது. பாரம் தூக்கிய வலி.

"என்னக்கா பாக்கறீங்க?"

ரெங்கம்மாளின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"நானும் ரெண்டு பறிகுடுத்தவதான். தெரியும் எனக்கு. எறக்கி வச்சிட்டுப் போ, தாயி. எடுத்த எடத்துலயே எறக்கி வச்சிரு. அந்தா மதகு. நான் கூட வரேன்."

எல்சி மதகைப் பார்த்தாள். சிவப்புத் தண்ணீர் நுரைத்துச் சுழன்று உள்ளே போனது. குளிர்ந்த தண்ணீர். குளிர் என்ற சொல் அவளிடம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் வேறொரு சொல் நாக்கில் வந்து நின்றது. பெதுகு. பட்டியலில் இருபத்துமூன்றாவது.

"அங்க பெதுகா இருக்குமேக்கா" என்றாள்.

ரெங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கதவுத் தாழ் விழுந்தது.

வீட்டுக்கு வந்தபோது மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பகல் மூன்று மணிக்கே கூடம் இருண்டுவிட்டது. மின்சாரம் இல்லை. ரெமிஜியஸ் பட்டறையில்; வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார்கள் அவனுக்கு வரிசையாக வந்துகொண்டிருக்கும். ஓடுகளின் மேல் மழை ஒரே சீராக இறங்கியது, சாக்கடை நிரம்பி வாசலில் ஏறும் சத்தம், சமையலறையில் எங்கோ ஓட்டையிலிருந்து அலுமினியத் தட்டில் சொட்டும் சத்தம், அந்தச் சொட்டு ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக நாலு நொடி. எல்சி தரையில் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டாள். பேட்டரியில் முப்பது சதவீதம் மீதி இருந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜூலை மாதத்துக் கோடங்கரைப் பதிவைத் திறந்தாள்.

இதுவரை பதில்களைத்தான் கேட்டிருந்தாள். அமைதியைக் கேட்டதில்லை.

சொல். நாலு நொடி. சொல். நாலு நொடி. அமைதியின் ஒலி அளவைக் கூட்டினாள். மின்விசிறி, தண்ணீர், ஒரு வளையல். அதற்கும் அடியில் ஏதோ ஒன்று. மூச்சு. சின்ன, அவசரமான மூச்சு. நீருக்குள்ளிருந்து வருவது போல.

ஆகஸ்ட் பதிவு. மூச்சில் குரல் ஏறியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அந்த நாலு நொடிக்குள், எல்சி சொன்னதைத் திருப்பிச் சொல்லப் பார்த்தது. வராமல் நின்றது. மறுபடி பார்த்தது.

செப்டம்பர். பாதிச் சொற்கள் வந்துவிட்டன.

அக்டோபர். எல்லாம்.

அவள் ஓசையைத் திரையில் படமாக விரித்துப் பார்த்தாள். அவள் குரலுக்கு ஒரு படம். அதற்குப் பின்னால் வந்த குரலுக்கு ஒரு படம். பின்னதில் கோடுகள் மிக உயரத்தில் இருந்தன. குரல் வரும் குழாய் எவ்வளவு நீளம் என்று அதை வைத்துக் கணக்கிடலாம். இரண்டே வரிக் கணக்கு. போட்டாள். எட்டு சென்டிமீட்டர். தொண்டையிலிருந்து உதடு வரை. பிறந்த குழந்தையின் அளவு.

அதற்கு வேறு எந்தச் சொல்லையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணே என்றோ செல்லமே என்றோ. வண்டியில், பையில், மடியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், நாளெல்லாம் அவள் அதன் காதில் சொன்னது இந்த நாற்பது சொற்களை மட்டும்தான். வெறும் கூடுகள். அவற்றை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? உள்ளே வைக்க அர்த்தம் வேண்டும். எங்கிருந்து எடுக்கும்?

எல்சிக்குத் தெரிந்தது. தன்னிடமிருந்து.

ஹெட்போனைக் கழற்றினாள்.

குரல் நிற்கவில்லை.

"கிடேபு."

கூடத்தின் மேலிருந்து. பின்னால்.

மழை. சொட்டு. நாலு நொடி.

"கிடேபு."

அழுகை மாதிரி இல்லை. தெளிவாக, பொறுமையாக, அவளுடைய குரலில், எட்டு சென்டிமீட்டர் தொண்டையிலிருந்து. கொக்கி முனகியது. பாரம் ஏறிய இரும்பின் முனகல். ஒரு பக்கம். மறு பக்கம். ஒரு பக்கம்.

அவள் திரும்பவில்லை. முகத்துக்கு முன்னால் சுவரில் நிழல் ஒன்று வந்து போனது. நீளமாகத் தொங்கி, அடியில் புடைத்து. வந்தது. போனது. களிமண் வாசனை. தரையில் ஒரு சொட்டு. கறுப்பு. இன்னொன்று.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சொல்லைத் தேடினாள். காணவில்லை. கதவு என்ற சொல்லைத் தேடினாள். எதிரே மரத்தால் ஆன உயரமான ஒன்று இருந்தது. அதற்கு என்ன பெயர். தெரியவில்லை. மழையும் போனது, வெளியே ஏதோ விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொன்றாக. வேகமாக. பயம் கடைசியாக இருந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதுவும் வழுக்கியது.

"வமோலு."

அவள் உடம்பு நின்றது.

பட்டியலில் ஏழாவது சொல். ரெங்கம்மாள் உருண்டையைத் தொட்ட சொல். அன்று போனில் வந்த ஆளைக் குறிக்க ரெமிஜியஸ் மூன்று முறை சொல்லியும் அவளுக்கு வெறும் ஓசையாக இருந்ததே, அதன் உள்ளே இருந்தது இப்போது இதற்குள் இருந்தது. முழுசாக. சூடாக. அவளை, அவளை மட்டும், கூப்பிடும் சொல்.

"வமோலு. பெதுகு. வமோலு."

புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் போதும், எந்த ஓசையும் சொல்தான் என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்.

எல்சி திரும்பினாள்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. மரத்தால் ஆன உயரமான ஒன்று திறந்தது. வெளிச்சம் சாம்பலாக உள்ளே விழுந்தது. ஒரு ஆள் நின்றான். முழுக்க நனைந்திருந்தான், கையில் கறுப்பு எண்ணெய். அவன் அவளைப் பார்த்தான். மேலே பார்த்தான். கொக்கியிலிருந்து அவளுடைய கல்யாணச் சேலை தொங்கிக்கொண்டிருந்தது. நீளமாக, அடியில் கனத்து, வாய்க்கால் சேறு ஊறி, சொட்டிக்கொண்டு. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவள் கை அதில் இருந்தது. அவள் ரவிக்கை திறந்திருந்தது. நெஞ்சில் களிமண்ணும் பாலும் கலந்து வழிந்து காய்ந்திருந்தன. சின்ன விரல்களின் தடம்.

அந்த ஆளின் வாய் அசைந்தது. ஓசை வந்தது. இரண்டு அசை. நடுவில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது, கடைசியில் பல்லிடுக்கில் காற்று. மறுபடி அதே ஓசை. மறுபடி. கூர்மையா, உருண்டையா? உருண்டை என்றுதான் தோன்றியது. நல்ல ஓசை. அதற்குள் எதுவும் இல்லை.

அவன் மண்டியிட்டான். அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அந்த இரண்டு அசைகளையே திரும்பத் திரும்பச் சொன்னான், ஒவ்வொரு முறையும் இன்னும் சத்தமாக, நடுவில் நாலு நொடி கூட விடாமல்.

சேலைக்குள் ஏதோ புரண்டது.

அவள் அவசரமாகக் குனிந்து, அந்த ஆளின் உதட்டின் மேல் விரலை வைத்தாள். மறு கையால் தூளியை ஆட்டினாள்.

"நொலுமி" என்று அவனுக்கு மெதுவாகச் சொன்னாள், மேலே காட்டி.

சேலையின் மடிப்பு உள்ளிருந்து விலகியது.